ஏலாதோ என்று கெஞ்சிய இத்தாலிக்காரன்

என் அன்பின் திரேசா மச்சாள்,

வருகிற மாதம் நீங்கள் போய் ஒரு வருடம். நேற்றுவரை கிராமபோனைப் போர்த்திய துணியை நான் எடுக்கவில்லை. எடுத்தால் அந்த இத்தாலிக்காரன் பாட வேண்டும். அவன் பாடினால் குசினியிலிருந்து நீங்கள் பதில் சொல்ல வேண்டும். அதற்கு நான் எங்கே போவேன்?

முதலில் ஊர்ப் புதினம். மான்கள் படலையைத் தள்ளிக்கொண்டு வந்து உங்கள் செவ்வரத்தைச் செடியை மொட்டையாக்கிவிட்டன. நீங்கள் இருந்திருந்தால் விளக்குமாற்றோடு எங்கள் ஓர்ஸ் ஹில் முழுக்கத் துரத்தியிருப்பீர்கள். நானோ, தின்னட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் தோளுக்கு மேலால் இதை வாசிக்கிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். அண்ணன் சீனன்குடாவில் வேலை செய்த காலத்தில், ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரின் சாமான்களோடு அந்தக் கிராமபோனையும் பதினொரு இசைத்தட்டுகளையும் வாங்கி வந்தார். எல்லாமே மைக் வருவதற்கு முந்தியவை. பாடுகிறவன் ஒரு குழலுக்கு முன்னால் நின்று நெஞ்சு வெடிக்கக் கத்த வேண்டுமாம். மீன் பொரிப்பதுபோல ஓர் இரைச்சல்தான் முதலில் கேட்கும். அதற்கு அடியிலிருந்து அவன் குரல் எழும்பி வரும்போது எனக்கு மேல் புல்லரிக்கும். அண்ணன் கண்ணை மூடிய பிறகு நாம் இருவரும் அவற்றைக் கட்டிக்கொண்டு கிடந்தோம். சண்டைக்கால ஊரடங்கில், சத்தம் வெளியே போகாமல் கிராமபோன் குழலுக்குள் துவாயைத் திணித்து, தலையோடு தலை ஒட்டிக் கேட்டோமே, அந்த நாட்களைத்தான் நான் இப்போது அதிகம் நினைக்கிறேன்.

அந்தப் பெயர் அழிந்த தட்டு, நம் இத்தாலிக்காரனின் தட்டு. அதன் நடுவில் அவன் குரலை உச்சத்துக்கு ஏற்றி ஒரு சொல்லை இழுப்பான். முதல்நாள் நீங்கள் கையில் மீனோடு ஓடி வந்தீர்கள்.

“கேட்டியே ரெஜினா, தமிழ் கதைக்கிறான்! ஏலாதோ, ஏலாதோ எண்டு கெஞ்சுறான், பாவம்.”

அன்றிலிருந்து அந்த இடம் வந்தால் போதும், எங்கே நின்றாலும் கத்துவீர்கள்: “ஏலாது ராசா! மீன் வெட்டிக்கொண்டு நிக்கிறன்!”

போன தவக்காலத்தில் நீங்கள் எழும்ப முடியாமல் கிடந்தீர்கள். கிராமபோனுக்கு டப்பியில் ஒரேயொரு புது ஊசி மிச்சம். ஒரு ஊசிக்கு ஒரு பாட்டுத்தான், பழைய ஊசி தட்டை உழுதுவிடும் என்பது உங்கள் சட்டம். தவக்காலத்தில் பாட்டே இல்லை என்பதும் உங்கள் சட்டம்தான். அப்படியிருக்க, ஒரு பின்னேரம் கண்ணைத் திறந்து, அவனுடைய மெட்டிலேயே இழுத்து, “ஒருக்காப் போட ஏலாதோ?” என்றீர்கள்.

நானும் உங்களைப்போலவே கத்தினேன். “ஏலாது ராசாத்தி! தவக்காலம். பாஸ்காவுக்குப் போடுவம்.”

இரண்டுபேரும் சிரித்தோம். பாஸ்காப் பெருநாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது போய்விட்டீர்கள்.

மச்சாள், அன்றைக்கு நீங்கள் கேட்டது பகிடிக்கா, உண்மைக்கா? பகிடி என்றால் எனக்குக் குறையில்லை. உண்மையாகவே கேட்டிருந்தால், சாகக் கிடந்த மனுசிக்கு மூன்று நிமிடப் பாட்டை இல்லையென்ற பாவி நான். யாரிடம் கேட்டு அறிவது?

போன கிழமை, ரோமாபுரியில் பல வருடம் இருந்துவிட்டு வந்த ஒரு சிஸ்டர் என்னைப் பார்க்க வந்தார். கதையோடு கதையாக அந்த வரியை என் ஓட்டைக் குரலில் பாடிக் காட்டினேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார்.

“அது ஏலாதோ இல்லை அன்ரி, ‘ஏ லதோரோ’. ‘அவளெண்டால் எனக்கு உயிர்’ எண்டு பாடுறான்.”

உயிர் என்று சொன்னவனையா இத்தனை வருடம் ஏலாது, ஏலாது என்று விரட்டினோம்! எனக்குச் சிரிப்பு வந்தது. சிஸ்டர் படலையைத் தாண்டியதும் அழுகை வந்தது.

நேற்று வெள்ளிக்கிழமை, அதுவும் தவக்காலத்து வெள்ளி. துணியை எடுத்தேன். சாவி கொடுத்து, அந்தக் கடைசி ஊசியைப் பூட்டி, தட்டைப் போட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம்கூட இதைச் சொல்லப்போவதில்லை.

அவன் பாடினான். அந்த இடமும் வந்தது. குசினியில் சத்தமில்லை. அப்போதுதான் கேட்டேன் மச்சாள், அந்த உச்சத்துக்குப் பிறகு அவன் குரலைத் தணித்து, பக்கத்தில் இருக்கிறவளிடம் சொல்வதுபோல மெல்ல இறங்கி வருகிறான். அப்படி ஓர் இடம் இருப்பதே எனக்குத் தெரியாது. உங்கள் கத்தல் எப்போதும் அதன்மேல்தான் விழுந்திருக்கிறது. பாட்டிலேயே அழகான இடம் அதுதான். ஆனால் எனக்கு அது வேண்டாம். எனக்கு உங்கள் கத்தல்தான் வேண்டும்.

கனடாவில் இருக்கும் உங்கள் மகனிடம் ஊசி கேட்டேன். “அது இஞ்ச புதுசாவே விக்குது மாமி, முந்தியே சொல்லியிருக்கலாமே” என்றான். உடனே அனுப்பு என்றேன்.

ஊசி வருகிறது. வந்ததும் போடுவேன், எந்தக் காலம் என்று பார்க்க மாட்டேன். தட்டு தேய்ந்தால் தேயட்டும். அந்த இடம் வரும்போது குசினியில் நின்று உங்களுக்காக நான் கத்துவேன், இது சத்தியம். பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும்படி, ஏலாது என்றில்லாமல் சரியென்று கத்துவேன்: “ஓம் ராசாத்தி, ஓம்! இப்பவே போடுறன்!”

உங்கள் புருஷனின் தங்கச்சியாக இருந்து, உங்கள் தங்கச்சியாகவே ஆகிப்போன
ரெஜினா