ஒரு அங்குல மீன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கவேண்டும். கடிதத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனாலும் மாடி ஏறும்போது என் காதில் விழுகிற மாதிரி முனகத் தவறுவதில்லை. அண்ணன் குளியலறை ஒழுகலை அடைக்க ஒரு ஆளைக் கூப்பிட்டான், அந்தப் புண்ணியவான் சமையலறைக் குழாயையும் சேர்த்து ஒழுகவைத்துவிட்டுப் போனான். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய். நீ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறாய், குறை சொல்லவில்லை. ஆனால் நாலு மாதமாக என்னிடம் கேட்பது இரண்டே கேள்வி, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. அப்புறம் அம்மாகிட்ட குடுங்க. ஏன் இப்படி என்று முழித்துக்கொண்டிருந்தேன். போன வியாழக்கிழமை தெரிந்துவிட்டது, அதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது.

நான் மீன் பிடிக்கப் போவதை அம்மா சொல்லியிருப்பாள். என்ன மீன் என்று சொல்லியிருக்கமாட்டாள், அவளுக்கு வெட்கம். இருப்பதிலேயே பெரியது ஒன்றரை அங்குலம், சின்னது என் நகத்தளவு. ஒரு வாய்க்காவது ஆகுமா என்று முதல்நாளே கேட்டுவிட்டாள். என்னை இதில் இழுத்துவிட்டது பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர். பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்கால்தான் எங்கள் இடம். தூண்டில் முள் அரை அரிசிகூட இருக்காது, அதில் மண்புழுவை ஒரு துணுக்கு கிள்ளி வைக்கவேண்டும், என் விரல் தடியாக இருப்பதால் அவரே இடுக்கியால் வைத்துக் கொடுக்கிறார். பிடித்ததைத் தண்ணீர் ஊற்றிய மருந்து பாட்டிலில் விட்டுப் பூதக்கண்ணாடியால் பார்ப்போம், மீசை உண்டா, துடுப்பில் கோடு உண்டா என்று. பார்த்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுவோம், அவ்வளவுதான் வேலை. முதல் பத்து நாள் எனக்கு ஒன்றுகூட மாட்டவில்லை. முப்பத்தொரு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் இல்லையா, கயிறு இறுகி எடை தெரிந்த பிறகுதான் தூக்குவேன். இந்த மீனுக்கு ஏது எடை, புழுவைத் தின்றுவிட்டுச் சாவகாசமாகப் போய்விடும். கம்பவுண்டர்தான் பொறுக்கமுடியாமல் சொன்னார், எடைக்குக் காத்திருந்தா வராது சார், கண்ணால பாருங்க, புழு மறைஞ்சா தூக்குங்க என்று. அப்போதுதான் குனிந்து பார்த்தேன். வெறும் சேற்றுத்தண்ணீர் என்று நினைத்த இடத்தில் ஒன்பது தினுசு மீன் இருக்கிறது. அத்தனை வருஷம் தண்ணீருக்கு மேலேயே உட்கார்ந்திருந்தும் நான் உள்ளே பார்த்ததில்லை, நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பாலத்துத் தூணோரம் கன்னத்தில் சிவப்புப் புள்ளி வைத்த ஒரு மீன் உண்டு, கம்பவுண்டருக்கே அது மாட்டியதில்லை. மூன்று வாரம் அதற்காகக் குனிந்து முதுகு போய்விட்டது. வியாழக்கிழமை காலையில் மாட்டியது. ஒரு அங்குலம்தான், பாட்டிலில் விட்டதும் யாரிடமாவது காட்டவேண்டும் போலிருந்தது. நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் நின்று எட்டிப்பார்த்தார். இவ்ளோதானா என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினார். அந்த மனுஷனுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது, திருப்பி என்ன சொல்லலாம் என்று யோசிக்கும்போதே அது நான் பேசிய பேச்சு என்று புரிந்துவிட்டது.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் நீ மூச்சு வாங்கக் கூப்பிட்டாய். உன் பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத அந்தக் குழந்தையோடு ஒன்பது மாதம் தரையில் உட்கார்ந்து பந்து உருட்டியிருக்கிறாய், அன்று அது பந்தைப் பார்த்து “பா” என்றதாம். நீ பெரிய ஆபீஸை விட்டுவிட்டு அங்கே போன ஆத்திரம் எனக்குத் தீரவில்லை.

“இவ்ளோதானா? இதுக்கா வேலை நேரத்துல போன் பண்ணே?” என்றேன்.

“ஆமாப்பா, அவ்ளோதான்” என்று வைத்துவிட்டாய். அதோடு நீ என்னிடம் எதையும் சொல்வதில்லை. தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள். மகளிடம் இதை எழுதக் கூச்சமாக இருந்தது, ஐந்து நாள் இருந்தது, அதனால்தான் வியாழன் நடந்ததைச் செவ்வாயன்று எழுதுகிறேன்.

கண் எரிகிறது என்று அம்மாவிடம் சொன்னாயாமே, கண்ணாடியை மாற்று, தள்ளிப்போடாதே. நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அம்மாவிடம் கொடுக்கச் சொல்லாதே, ஞாபகம் வைத்துக்கொள். அந்தக் குழந்தை ஆணா பெண்ணா என்றுகூட நான் கேட்கவில்லை. அது “பா” என்றதும் நீ என்ன செய்தாய், சிரித்தாயா, அழுதாயா, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல். நீ முடிக்கும்வரை நான் வாய் திறக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா