நனைந்த எடை

முருகன் துணை

வீரபாண்டி, திருப்பூர்.
15-2-1989

அன்புள்ள தம்பி சாமியப்பனுக்கு, அண்ணன் அய்யாசாமி எழுதுவது. இங்கே அம்மாவும் உன் அண்ணியும் குழந்தைகளும் சௌக்கியம். பம்பாயில் நீ சௌக்கியம் என்று உன் கூட்டாளி கந்தப்பன் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அக்டோபரில் அம்மாவுக்கு ஒரு கார்டு போட்டதோடு சரி, நான்கு மாதமாக உன்னிடமிருந்து ஓர் எழுத்து இல்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தைப்பூசத்துக்கு யார் பேச்சையும் கேட்காமல் சிவன்மலை படி ஏறிவிட்டு வந்தாள். நிட்டிங் மெஷின் நான்கும் ஓடுகின்றன, கரண்ட் இருக்கும்போது. உனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளை மீன் பிடிக்கிறாருங்களா?" என்று கேட்டார்கள். கப்பல் படையில் வேலை, பாய்மரப் படகுப் போட்டியில் இரண்டு தடவை நாட்டுக்கே முதல் ஆள் என்று பேப்பர் படத்தை எடுத்துக் காட்டினேன். படத்தைப் பார்த்துவிட்டு, "இத்தன சின்னப் படகுங்களா?" என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போட்டியில் உன்னை நீக்கிவிட்டார்கள், தவறு என்னுடையது என்று மட்டும் கார்டில் எழுதியிருந்தாய். யாரையோ கை நீட்டி அடித்திருப்பாய் என்று நினைத்து, உன் அண்ணியிடம் உன்னைக் கண்டபடி திட்டினேன். போன ஞாயிற்றுக்கிழமை மடத்துக்குளத்துக் கந்தப்பன் லீவில் வந்தவன், நம் வீட்டுக்கும் வந்தான். என்னதான் நடந்தது என்று கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னான்: "ஜெயிச்சு மொதல்லதானுங்க வந்தாரு. கரையேறுனதும் உடுப்ப ஈரத்தோட தராசுல நிறுத்தாங்க. நீங்க அனுப்புன பனியனுங்க, முந்நூறு கிராம் கூடிப்போச்சுங்க."

கையில் இருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

நீ ஐம்பத்தெட்டு கிலோ ஆள். காற்று பலமாக அடித்துப் படகு சாய்ந்தால், வெளிப்பக்கம் உடம்பைச் சாய்த்து அதை நிமிர்த்த உனக்கு எடை போதாது. அதற்காகத் தடித்த பருத்திப் பனியன்களை நனைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்வோம், எல்லாம் சேர்ந்து பதினைந்து கிலோவைத் தாண்டக்கூடாது என்று 83-ல் எழுதினாய். திருப்பூர்க்காரனிடம் போய்ப் பனியன் கேட்டால் விடுவேனா? நானே மெஷின் முன்னால் நின்று ஓட்டி மூன்று பனியன் அனுப்பினேன். அதைப் போட்டுக்கொண்டுதான் 84-லும் 86-லும் ஜெயித்தாய். கடலில் ஜெயித்தது எங்கள் துணி என்று டீக்கடையில் நான் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

போன வருஷம் பழையது நைந்துவிட்டது என்று புதிது கேட்டாய். போன தடவை அளவிலேயே வேண்டும் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாய். அந்தக் கடிதம் இப்போதும் மேசையில் இருக்கிறது. அந்த இரண்டு கோட்டையும் பார்த்துவிட்டுத்தான் நான் எடையைக் கூட்டி ஓட்டினேன். சரக்கு வாங்கும் பையர் கேட்ட எடைக்குத் துணி குறைந்தால் சரக்கு திரும்பி வந்துவிடும், கூடினால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அதனால் எதற்கும் கொஞ்சம் கூட இருக்கட்டும் என்று ஓட்டுவது இருபது வருஷக் கைப்பழக்கம். வெளிநாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள், தம்பிக்குப் போய்க் குறைத்துக் கொடுப்பதா என்று வேறு நினைத்தேன். துணி கூடக் கூட அது குடிக்கும் தண்ணீரும் கூடும் என்பது சாயப்பட்டறையில் பாதி நாளைக் கழிக்கிற எனக்குத் தோன்றவில்லை.

நீ ஏன் முன்னாலேயே நிறுத்துப் பார்க்கவில்லை என்று கந்தப்பனிடம் கோபமாகத்தான் கேட்டேன். அவனும் உன்னிடம் அதைக் கேட்டானாம். "அண்ணன் அனுப்புனது, அத எதுக்கு எடை போடோணும்?" என்றாயாம். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் முன்னாலேயே அழுதேன்.

தவறு உன்னுடையதல்ல சாமியப்பா. என்னுடையது. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஏப்ரலில் மறுபடி ஆள் எடுக்கிறார்களாம், நீ இன்னும் பெயர் கொடுக்கவில்லையாம். வயது முப்பது ஆகப்போகிறது, இதை விட்டால் அடுத்ததற்கு உடம்பு இடம் கொடுக்காது என்றும் கந்தப்பன் சொன்னான். இத்துடன் தனிப் பார்சலில் மூன்று பனியன் அனுப்பியிருக்கிறேன். தொட்டியில் முக்கி, அவன் சொன்னபடி கம்பியில் ஒரு நிமிஷம் தொங்கவிட்டு, நூல் நிறுக்கும் தராசில் ஆறு தடவை போட்டுப் பார்த்தேன். "ஏனுங்க, ஈரத் துணிய நிறுத்து எந்த ஊருக்குங்க அனுப்பறீங்க?" என்று மெஷின் ஓட்டும் பொங்கியண்ணன் சிரித்தான். போன வருஷ செட்டுக்குக் கந்தப்பன் சொன்ன ஈர எடையைவிட அரைக் கிலோ குறைவு. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நான் குறைத்து ஓட்டியது இதுதான் முதல் தடவை.

அம்மா கொடுத்த சிவன்மலை விபூதியைப் பார்சலில் வைக்காமல் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். எடையில் எதுவும் சேர வேண்டாம்.

பெயர் கொடுத்துவிட்டு ஒரு வரி எழுது. பனியன் வந்ததும் நனைத்து நிறுத்துப் பார். அண்ணன் அனுப்பியதுதானே என்று மட்டும் விட்டுவிடாதே, கண்ணு.

முருகன் உன்னைக் கரை சேர்க்கட்டும்.

உன் அண்ணன்,
அய்யாசாமி