மூன்று தம்ளரிலும் ஒரே காபி

அன்புள்ள வாலுக்குட்டிக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் அன்றைக்கே சமாதானமாகி, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம், பதறாமல் கடைசிவரை படி.

நீ அனுப்பிய காபி மெஷின் வந்து சேர்ந்தது. ஆயுசு முழுக்க வீடு வீடாகப் போய் மிக்ஸியும் அயர்ன் பாக்ஸும் பழுது பார்த்தவன் சும்மா இருப்பேனா, காபி போடும் முன்பே பிரித்துப் பார்த்துவிட்டேன். திரும்ப மாட்டினால் ஒரு ஸ்க்ரூ மிச்சம். ஓடுகிறது, ஆனால் பக்கத்து வீட்டுக்கே கேட்கிற மாதிரி உறுமுகிறது. உன் அம்மா பழைய ஃபில்டர்தான் உசத்தி என்று ஒற்றைக்காலில் நின்றாள். எனக்கு வீம்பு வந்து போட்டியே வைத்துவிட்டேன். ஃபில்டரில் ஒன்று, துணியில் வடித்து ஒன்று, மெஷினில் ஒன்று, எது எதென்று சொல்லாமல் மூன்று தம்ளரை அவள் தையல் மேஜையில் வைப்பேன். முதல் நாள் சரியாகச் சொன்னாள். மறுநாள் மெஷின் காபியைக் காட்டி, இதுதாங்க ஃபில்டர், என்னமா மணக்குது என்றாள். உன் மெஷின் ஜெயித்துவிட்டதென்று நான் துள்ளாத குறை. அதற்கடுத்த நாள் குறும்பாக மூன்றிலும் துணியில் வடித்ததையே ஊற்றி வைத்தேன். நடுவுல இருக்கறதுதான், வாசனை தூக்குது என்றாள். நான் குட்டை உடைத்துவிட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. காய்ச்சல் வந்து போனதுலேர்ந்து எனக்கு எந்த வாசனையும் தெரியலைங்க, ஆசையா கொண்டாந்து வைக்கிறீங்க, எப்படிச் சொல்றது என்று தையலைப் பார்த்தபடியே சொன்னாள். பால் கெட்டுவிட்டதா என்று தினமும் என்னை ஏன் மோந்து பார்க்கச் சொன்னாள் என்பது அப்போதுதான் உறைத்தது. முதல் நாள் சரியாகச் சொன்னதும் குத்துமதிப்புதானாம்.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். திரும்பி வரலாம், வராமலும் போகலாம், பழகின வாசனையை தினமும் மோந்துகொண்டே இருக்கட்டும் என்றார். அதனால் போட்டி நின்றாலும் காபி நிற்கவில்லை. ஃபில்டரில் இறங்குவது கெட்டியாக, மணம் முழுசாக இருக்கிறது, துணியில் வடிப்பது லேசாக, தெளிவாக இருக்கிறது. மெஷின் காபி, கோபித்துக்கொள்ளாதே, சூடாக இருக்கிறது. இப்போது தூளைப் பாத்திரத்தில் கொதிக்கவிட்டுத் தெளியவைக்கிற முறையும் பழகிக்கொண்டேன், அதில்தான் வாசனை வீட்டையே சுற்றி வருகிறது. ஒவ்வொன்றையும் அவள் மூக்கருகே நீட்டுவேன். ஆவி தெரியுதுங்க என்பாள், அவ்வளவுதான். வெளியே தைரியமாகப் பேசுகிறேன், உள்ளே பயம்தான். வாசல்படியில் காற்றாட உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அம்மா உள்ளேயிருந்து ஏதோ கத்துகிறாள், இரு, வருகிறேன்.

வந்துவிட்டேன். அடுப்பில் கொதிக்க வைத்த காபியை உனக்கு எழுதுகிற ஜோரில் அடியோடு மறந்துபோனேன். தண்ணீரெல்லாம் சுண்டி அடியில் கரி. அம்மா தையல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள், பார்த்திருக்க வழியே இல்லை. அங்கிருந்துதான் கத்தினாளாம், என்னங்க, காபி தீயுது, உங்க மூக்கு என்ன அடைச்சுக்கிச்சா என்று. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதில்லை. சொன்ன பிறகுதான் அவளுக்கே புரிந்தது. இரண்டு பேரும் புகை நடுவில் நின்று அழுதோம், தனக்குப் புகையால்தான் என்று அவள் சாதிக்கிறாள்.

இருவரும் மனம் நிறைந்து நீடூழி வாழ வேண்டும். உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காமல் சொல், அதில் மட்டும் அம்மா மாதிரி இருக்காதே. மெஷின் ஸ்க்ரூ எங்கே போகும் என்று தெரிந்தால் எழுது.

கருகின பாத்திரத்தைத் தேய்க்க மனமில்லாமல் அப்படியே வைத்திருக்கும்
உன் அப்பா