குறட்டைக்குப் பரிசு

பிரவீனா,

ஊர் திரும்பியதிலிருந்து நார்வே முகாமில் எடுத்த போட்டோக்களாக அனுப்பிக்கொண்டிருக்கிறாய். போதும், நிறுத்து.

திருச்செங்கோட்டிலிருந்து சாரணியர் எட்டுப் பேர் போனோம். கூடாரத்துக்கு இருவர். நீயும் நானும் ஒன்றாக என்று பள்ளி மைதானத்திலேயே பேசிவைத்திருந்தோம். முதல் நாளே உன் அப்பா வீடியோ காலில் வந்தார்.

"கூடப் படுக்கறது ஆரு ஊட்டுப் புள்ள சாமி?"

நீ என் தெருவின் பெயரைச் சொன்னாய். அவர் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. "மிஸ்கிட்டச் சொல்லி வேற கூடாரம் மாத்திக்க."

"இதுக்குள்ள ரொம்பக் குளுருதுங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுப் படுக்கையைச் சுருட்டினாய். நீ போன கூடாரம் நாலடி தள்ளி இருந்தது. அங்கே மட்டும் வெயிலா அடித்தது? ஆறு வருடம் என் அம்மாவின் தக்காளிச் சோற்றை வழித்துத் தின்றாயே, அப்போதெல்லாம் உனக்குக் குளிரவில்லையா?

எதிர்க் கூடாரத்து நார்வேப் பெண் காரணம் கேட்டாள். நாற்பது நாட்டுப் பிள்ளைகள் முன்னால் எதைச் சொல்வேன்? "நான் குறட்டை விடுவேன்" என்றேன். அந்த வாரம் முழுக்க என்னைக் கண்டவர்களெல்லாம் குறட்டை விட்டுக் காட்டிச் சிரித்தார்கள். கடைசி நாள் மேடைக்குக் கூப்பிட்டு அதற்குப் பரிசே கொடுத்தார்கள்.

காரணம் தெரிந்த நீ முன்வரிசையில் நின்று கைதட்டினாய். கூடாரத்தை மாற்றச் சொன்னது உன் அப்பா. கைதட்டச் சொன்னது யார்?

இப்படிக்கு,
குறட்டை விடாதவள்