மன்னியின் சிபியூ

மன்னி, உங்கள் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் இன்று காலை அடுப்படியில் கிடைத்தது. ஜல்லிக்கரண்டியைத் தேடிக் கையை விட்டேன், இது வந்தது. வெள்ளைப் பிடி முழுக்க மஞ்சள் பொடிக் கறை. நீங்கள் அதைக் கரண்டிகளோடுதான் போட்டு வைப்பீர்கள். "டூல்ஸ் பெட்டியில வெச்சா உங்கண்ணா எடுத்துப் பத்திரப்படுத்திடுவார். அப்பறம் இந்த ஜன்மத்துல கெடைக்காது, கேட்டயா" என்பீர்கள். அண்ணா பத்திரப்படுத்திய சாமான்களை நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஸ்க்ரூ டிரைவர் கிடைத்ததும் நல்லதாகப் போயிற்று. உங்கள் கம்ப்யூட்டர் விவகாரம் என் தலையில் வந்து விழுந்திருக்கிறது. உங்கள் பிள்ளை பெங்களூரிலிருந்து போன் செய்தான். "அத்தை, அப்பாவோட சிஸ்டம் முடிஞ்சு போச்சு. புது விண்டோஸ் அதுல ஏறாது. பார்ட்ஸ் எல்லாம் நான் ஆர்டர் போடறேன், லீவுல வந்து புதுசா அசெம்பிள் பண்ணிடறேன். பழசை ஆக்ரிக்காரனுக்குப் போட்டுடலாம்" என்றான். பழைய சாமானை எடைக்கு வாங்குகிற ஆக்ரிக்காரன் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சுரீரென்றது. ஆனால் அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. வயதான மெஷின், நாலு ஜிபி ராம், தேய்ந்த ஹார்ட் டிஸ்க். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

அவசரம் என்னவென்றால் அண்ணாவின் பாட்டு கிளாஸ். நீங்கள் ஆரம்பித்து வைத்ததுதான். வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரக் குழந்தைகளுக்கு வீடியோவில் வர்ணமும் கீர்த்தனையும் சொல்லிக் கொடுப்பது. நீங்கள் போன பிறகு அண்ணா வாய் திறப்பது அந்த கிளாஸில் மட்டும்தான். நான் கரமனையில் என் வீட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து சமைத்துப் போட்டால் சாப்பிடுவார். "போறுமா" என்றால் தலையாட்டுவார். கிளாஸ் தொடங்கினால்தான் "சுருதி சேரலை, மறுபடி பாடு" என்று பழைய குரல் கேட்கும். நான் அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அந்த கிளாஸ்தான் தடைப்பட ஆரம்பித்தது. பாதி வர்ணத்தில் மெஷின் நின்றுவிடும். அந்தப் பக்கம் குழந்தைகளுக்கு அண்ணா வாயைப் பிளந்தபடி உறைந்து போய்த் தெரிவார். முதலில் சிரித்தார்கள், பிறகு ஒவ்வொருவராக வேறு கிளாஸுக்குப் போனார்கள். போனில் வைத்துச் சொல்லித் தரலாமே என்றேன். "இத்தனூண்டு மூஞ்சியைப் பார்த்துண்டு என்னத்தைப் பாடறது?" என்றார். போன வாரம், "நிறுத்திடலாம். மதி, போறும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். எனக்குப் பயம் வந்துவிட்டது மன்னி. கிளாஸ் நின்றால் அண்ணா பேச்சும் நின்றுவிடும் என்று தெரிந்தது.

புதுசு வாங்கலாமா என்று கேட்டேன். "நீ என்ன தீர்மானிக்கிறயோ அது. ஆனா அந்தப் பெட்டியை வெளியில போட வேண்டாம்" என்றார். புதுசு வந்தால் பழசு எதற்கு, எங்கே வைப்பது, ஒன்றும் சொல்லவில்லை.

இந்த மாதிரித் தீர்மானமெல்லாம் உங்கள் இலாகா. நாம் இரண்டு பேரும் தம்பானூர்ப் பக்கம் ஒரு கடைக்கு ராம் வாங்கப் போனது நினைவிருக்கிறதா? கடைக்காரன் உங்கள் மெஷினின் விவரத்தைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "இதொக்கெ பழசாயி சேச்சி. புதியது எடுக்கு" என்றான். நீங்கள் சிரிக்காமல் மலையாளத்தில் திருப்பிக் கேட்டீர்கள், எனக்கும்தான் வயசாச்சு, அதற்காக என் வீட்டுக்காரர் புதுசா ஒருத்தியை எடுத்துக்கொண்டு வந்தாரா என்று. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவன் உள்ளே போய் ராமை எடுத்து வந்தான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஆனால் பழசு என்பதற்காகப் பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறவர் இல்லை நீங்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், புத்தி கணக்காகத்தான் வேலை செய்யும். மதர்போர்டு போனபோது தயங்காமல் தூக்கிப் போட்டீர்கள். உங்கள் முறை ஒன்றே ஒன்றுதான். முதலில் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிப் பார்ப்பது. அதிலும் சரியாகவில்லை என்றால் ஒரே ஒரு பார்ட்டை மாற்றுவது. "ரெண்டை ஒண்ணா மாத்தினா எதனால சரியாச்சுன்னு தெரியாமப் போயிடும்" என்பீர்கள். எனக்குப் பொறுமை கிடையாது. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் வேலை முடிந்தது என்று நினைக்கிற ஜாதி நான். செக்ரட்டேரியட்டில் இத்தனை வருஷம் பைல் தள்ளியும் எனக்கு அந்தப் பொறுமை வரவில்லை.

உங்கள் புத்தி கோணலாகவும் வேலை செய்யும், அதையும் சொல்ல வேண்டும். நவராத்திரியில் அஷ்டமியன்று புஸ்தகம், பேனா எல்லாம் பூஜையில் வைத்துவிட்டால் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. ஒரு வருஷம் கம்ப்யூட்டரையும் பூஜையில் வைக்க வேண்டும் என்று அண்ணா சொன்னார். உங்களுக்கோ பள்ளிக்கூடத்து மார்க்கை ஏற்றி அனுப்பும் வேலை பாக்கி. "அப்படியே வெச்சுடலாம்" என்று பவ்யமாகத் தலையாட்டினீர்கள். பிறகு பார்த்தால் புஸ்தகங்களுக்கு மேலே மவுஸ் மட்டும் சந்தனப் பொட்டோடு வீற்றிருக்கிறது. நீங்கள் கீபோர்டை மட்டும் வைத்துக்கொண்டு மொத்த வேலையையும் செய்து முடித்தீர்கள். "சரஸ்வதிக்கு ஒரு பார்ட் போறும். பாக்கி அவளே கொடுத்ததாக்கும்" என்றீர்கள். அண்ணாவுக்குக் கோபம் வருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது.

உங்கள் பிள்ளைக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை திறந்து பார்ப்போம் என்று இன்றைக்கு உட்கார்ந்தேன். அண்ணா குளிக்கப் போயிருந்தார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைக் கீழே இறக்கினேன். முன்பக்கம், காற்று உள்ளே போகிற கறுப்பு வலையில் ஒரு பொட்டு. இதை முன்பே பார்த்திருக்கிறேன், என்றைக்கோ நீங்கள் ஆயுதபூஜைக்கு வைத்தது என்று நினைத்து விட்டுவிட்டேன். இன்று கிட்டத்தில் பார்த்தால் அது ஒரு நாள் வைத்த பொட்டு இல்லை. சந்தனத்தின் மேல் சந்தனம், குங்குமத்தின் மேல் குங்குமம், உள்ளங்கை அகலத்துக்குப் பூசி ஏறிப் போய் வலைக்கண்கள் அடைத்துக் கிடந்தன. மேல் பூச்சு நேற்று வைத்தது போலப் புதுசாக இருந்தது.

பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். முன் ஃபேன் முழுக்கச் சிவப்பு. உதிர்ந்த சந்தனமும் குங்குமமும் தூசியோடு சேர்ந்து உள்ளே போய், ப்ராசசர் மேலே இருக்கிற ஃபேனுக்கு அடியில் மெத்தை மாதிரி படிந்திருந்தது. காற்றுக்கு வழியில்லாமல் மெஷின் கொதித்திருக்கிறது. கொதித்தால் அது நின்றுதான் போகும். குங்குமம் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். மாசாமாசம் நீங்கள் ஊதித் துடைக்கிற தூசியும் இருந்தது, நாங்கள் யாரும் அதைச் செய்யவில்லை.

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. படித்த மனுஷர், கம்ப்யூட்டரில் பாட்டு சொல்லித் தருகிறவர், இப்படியா செய்வார்? அண்ணா துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தார். கையில் சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும். தரையில் பிரித்துப் போட்டிருப்பதைப் பார்த்து அப்படியே நின்றார்.

"இது என்னண்ணா? தெனமும் இதுமேல வெக்கறேளா?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் ஓங்கித்தான் போயிற்று.

"ஆமா."

"காத்து போற எடத்தை அடைச்சுட்டேள். கிளாஸ் நின்னு நின்னு போறதே, அது இதனாலதான். குங்குமம் எல்லாம் உள்ள போயிருக்கு பாருங்கோ."

அவர் குனிந்து பார்த்தார். சிவந்து போன ஃபேனை வெகுநேரம் பார்த்தார். "நானாடி பண்ணினேன்?" என்றார். கிண்ணத்தையும் சிமிழையும் தரையில் வைத்தார்.

"அதான் ஹால்ல மன்னி போட்டோ இருக்கே, அதுக்கு வெக்கப்படாதா?"

"அது அந்த ஐடி கார்டுக்கு எடுத்த போட்டோ. முறைச்சுண்டு நிக்கறா. அது அவ இல்லை" என்றார். பிறகு தரையில் கிடந்த பெட்டியைக் காட்டினார். "அவ பொழுதன்னிக்கும் இதுக்கு முன்னாடிதானே உக்காந்துண்டு இருந்தா. நான் வேற எங்க கொண்டுபோய் வெப்பேன்?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் கூடவே இருந்த ஒருத்திக்கு என்னவாவது செய்ய வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கிறது. எனக்கு அது தோன்றவே இல்லை. நான் சாதம் வடித்துப் போட்டதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். அண்ணா அழுது நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. காரியம் நடந்த நாட்களில்கூட அழவில்லை.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரே கேட்டார். "எந்தப் பக்கம் வெச்சா இதுக்குக் கேடில்லை?"

வலது பக்கத் தகடு ஓட்டை ஒன்றும் இல்லாத வெறும் தகடு. அதைத் தட்டிக் காட்டினேன். "இங்க வெச்சா ஒண்ணும் ஆகாது" என்றேன். அண்ணா உட்கார்ந்து, நிதானமாகச் சந்தனத்தைத் தொட்டு இட்டு, அதன் மேல் குங்குமம் வைத்தார். நான் மறுபக்கம் உட்கார்ந்து பிரஷ்ஷால் ஃபேனைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் முறைப்படி இன்றைக்குத் துடைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். வேறு ஒன்றையும் மாற்றவில்லை. மாட்டிப் போட்டதும் எழுந்துகொண்டது. கிளாஸ் நேரத்துக்கு, மிச்சம் இருந்த இரண்டு குழந்தைகள் வந்தார்கள். வர்ணம் தொடங்கி முடிகிறவரை ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. நான் அடுப்படியில் நிற்காமல் உள்ளே வந்து உட்கார்ந்து கேட்டேன்.

மத்தியானம் உங்கள் பிள்ளைக்கு போன் செய்தேன். புதுசு வேண்டாம், ஒரு எஸ்எஸ்டியும் எட்டு ஜிபி ராமும் போதும், முதலில் ஒன்று, சரியாக ஓடினால் அப்புறம் மற்றது என்றேன். விண்டோஸ் ஏறாவிட்டால் போகட்டும், அம்மா பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த லினக்ஸைப் போடு என்றேன். "கணக்குப் பார்த்தா புதுசுதான் அத்தை லாபம்" என்று இழுத்தான். கணக்கு சரிதான்டா, ஆனால் நீ வந்து அப்பாவோடு ரெண்டு நாள் உட்கார், பிறகு பேசிக்கொள்ளலாம் என்றேன். குங்குமச் சமாசாரத்தை போனில் சொல்லவில்லை. அவன் நேரில் வந்து வலது பக்கத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒவ்வொன்றாக, அவசரப்படாமல். உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இதுதான் மன்னி. நீங்கள் இருந்தபோது உங்கள் நிதானத்தைக் கேலி செய்துகொண்டே இருந்தேன். எனக்கு உங்களை எவ்வளவு பிடிக்கும் என்று ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நாத்தனார் என்றால் அப்படித்தான் என்று நீங்களும் விட்டுவிட்டீர்கள். எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும்.

இன்று எரிசேரி பண்ணியிருந்தேன். கிளாஸ் முடிந்து வந்து உட்கார்ந்த அண்ணா ஒரு வாய் எடுத்து வைத்தார், மென்றார், நிறுத்தினார்.

"இதுல உப்பு போட மறந்துட்டயா?" என்றார்.

ஒரு வருஷத்துக்கு மேலாக நான் எதைப் போட்டாலும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தவர். நான் உப்பு ஜாடியை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். "தேங்காயும் போறலை" என்றார். "வேற என்ன போறலை, சொல்லுங்கோ" என்று எதிரில் உட்கார்ந்துகொண்டேன்.