தானாகத் துள்ளிய விரல்

கெர்லிங்,
12.6.1988

என் கண்ணான பேத்திக்கு,

உன் தம்பி தனபாலனை ரவாங் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக உயர்த்திவிட்டார்கள். சின்னவள் தங்கமணி சோதனையில் பள்ளிக்கே முதல்.

உன் கடிதத்தை வழக்கம்போல் நம் தோட்டத்து லயத்து வீட்டுப் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். இங்கிலாந்து டாக்டர்கள் உன் தலைமேல் காந்த வளையத்தை வைத்ததும் 'டக்' என்று சத்தம் கேட்டு, கட்டை விரல் தானாகத் துள்ளியது என்று எழுதியிருந்தாயே, அதையும்தான்.

"புள்ளைக்கு என்னக்கா நோவு?" என்றாள் நல்லம்மாள்.

"நோவு இல்லாத தலைதான் ஆராய்ச்சிக்கு வேணுமாம்லா. அதான் நம்ம புள்ளையக் கூப்பிட்டிருக்காங்க" என்றேன்.

காந்தம் வைத்த அன்று சாயங்காலம் உனக்கு லேசாகத் தலை வலித்தது என்ற வரியை மட்டும் வாசிக்காமல் தாண்டிவிட்டேன். யார் தைலம் தேய்த்துவிட்டார்கள்?

தாதிப் படிப்பு முடிந்ததும் அங்கேயே தங்கிவிடப் போவதாக உன் அப்பாவிடம் சொன்னாயாம். அந்தக் காந்தம் தொடாமலே உன் விரலை அசைக்கிறது. நானும் நான்கு வருஷமாக இங்கிருந்தே உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு ஒன்றும் அசையவில்லை போலிருக்கிறது.

புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. கோட்டுப் பைக்குள் விடாமல், இரண்டு கையும், அந்தக் கட்டை விரலும் தெரிகிற மாதிரி நில்.

உன் அப்பாயி