கூரை பிரிக்காத இரண்டு நாள்

3 அக்டோபர் 1981, சனி

மலைமேல் ஜமுனாமரத்தூர். பயிற்சி இன்று தொடங்கியது. 'வொர்க்‌ஷாப்' போகிறேன் என்றதும் அண்ணன் மக்பூல், "லாரி ரிப்பேரா?" என்றார். கட்டடத்தையும் மலையையும் படம் எடுக்கக் கற்றுத் தருகிறார்கள் என்றேன். "மலை வந்து பிரிண்ட் வாங்கினு போவுமாடா?" என்று கேட்டுவிட்டு டார்க் ரூமுக்குள் போய்விட்டார்.

கண்ணமங்கலத்தில் அவருடைய ஸ்டூடியோவில் இத்தனை வருடமும் நான் எடுத்தது ஆட்களைத்தான். முகவாயைத் தூக்குங்க, கண்ணை மூடாதீங்க, கொஞ்சம் சிரிங்க. இங்கே தேவராஜ் சார் முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார்: படத்தில் ஆள் வரக்கூடாது. அவர் மதராஸில் கட்டடங்களை மட்டுமே எடுப்பவர். நவம்பர் முதல் வாரம் வரை சனி, ஞாயிறுகளில் எங்கள் ஐந்து பேருக்கும் அவர்தான் வாத்தியார்.

ஆள் இல்லையென்றால் நான் யாரிடம் பேசுவது? வீட்டிடமா?

11 அக்டோபர், ஞாயிறு

போன வாரம் எடுத்த ரோலைக் கழுவிப் பார்த்தேன். எல்லா வீடும் மல்லாக்கச் சாய்கிறது. அண்ணன் நெகடிவை வெளிச்சத்தில் பிடித்து, "நல்லா நின்னுனு இருந்த வூட்ட இன்னாடா பண்ண?" என்றார்.

தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

17 அக்டோபர், சனி

தெரிந்துவிட்டது. காமிராவை மேலே நிமிர்த்தினால் சுவர் பின்னால் சாயும். நிமிர்த்தாமல், மட்டமாக வைத்து, வேண்டிய தூரம் பின்வாங்க வேண்டும். இதைச் சொல்ல சாருக்கு மூன்று வாரம்.

பின்வாங்கிப் பின்வாங்கி ஒரு பாறைமேல் ஏறிவிட்டேன். எதிரே ஒரு வீடு. மண் சுவர், தரையைத் தொடுகிற மாதிரி இறங்கி வரும் புல் கூரை, பின்னால் மலை. சுவர் நேராக நின்றது. சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கார அம்மா மங்கம்மாள் வெளியே வந்து பார்த்தார். "இன்னா பாய், எங்க வூட்டப் போய் எடுக்கறீங்க? ஒழுவற வூடு." அடுத்த மாதம் ஓடு போடப் போகிறார்களாம். அவர் புருஷன் தீர்த்தகிரி ஓடுகளை ரோட்டிலிருந்து தலையில் சுமந்து வந்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

மாலை சாரிடம் சொன்னேன். அவர் நடந்து வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "கடைசி வகுப்புக்கு நீங்க கொண்டு வர வேண்டிய படம் இதுதான். வெயில் பக்கவாட்டுல விழும்போது எடுக்கணும்" என்றார். பிறகு, அந்தப் படங்களைப் பார்த்து மதராஸுக்கு உதவியாளராக எங்களில் ஒருவரைக் கூட்டிப்போவதாகவும் சொன்னார்.

மனைவி ஜெய்புன்னிசாவிடம் சொல்லலாமா? முதலில் கிடைக்கட்டும்.

25 அக்டோபர், ஞாயிறு

தீபாவளிக் கூட்டம். அண்ணன் விடவில்லை. மலை இல்லை.

31 அக்டோபர், சனி

இன்று கூரை பிரிக்கிறார்கள். நான் போனபோது தீர்த்தகிரியின் சொந்தக்காரர்கள் ஏணியோடு தயாராக நின்றார்கள். வானம் சாம்பல் மாதிரி. நிழலும் இல்லை, வெளிச்சமும் இல்லை. எடுத்தால் கூரையும் மலையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

சார் என் காதருகே வந்து, "ரெண்டு நாள் நிறுத்தச் சொல்லுங்க. உங்க பேச்சைக் கேப்பாங்க" என்றார்.

என் பேச்சை ஏன் கேட்பார்கள்? ஆனால் கேட்டேன். "அண்ணே, ரெண்டு நாள் பொறுத்துப் பிரிக்கலாமா?" தீர்த்தகிரி மேகத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மங்கம்மாள், "பாய் அவ்ளோ தூரத்திலிருந்து வர்றாரு. ரெண்டு நாளு தானே" என்றார்.

உதவிக்கு வந்தவர்களுக்கு அவரவர் நிலத்தில் வேலை இருந்தது. கூழ் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

2 நவம்பர், திங்கள்

நேற்றும் மேகம்தான். இன்று காலை ஒரேயொரு தடவை திறந்தது. வெளிச்சம் பக்கவாட்டில் வந்து கூரையின் ஒவ்வொரு புல்லையும் தனித்தனியாகக் காட்டியது. மூன்று முறை அழுத்தினேன். போதும் என்று எனக்கே தெரிந்தது.

கையசைத்துச் சொன்னதும் தீர்த்தகிரி கூரைமேல் ஏறினார். இரண்டு பேர்தான் இருந்தார்கள். நான் போளூர் பஸ்ஸைப் பிடித்தேன். வந்துசேரும்போது கண்ணமங்கலத்தில் நல்ல மழை.

3 நவம்பர், செவ்வாய்

மழை. மலையில் பெய்திருக்காது என்று நினைக்கிறேன். ஏன் பெய்யாது?

7 நவம்பர், சனி

பெய்திருக்கிறது.

கூரை முழுக்கத் திறந்துகிடந்த நேரத்தில் பிடித்துக்கொண்டதாம். ஓடு பாதிகூட ஏறவில்லை. உள்ளே அறுவடைச் சாமை மூட்டைகள். மேலே பாயையும் சேலையையும் போட்டு மூடியிருக்கிறார்கள். எத்தனை சேலை மூடும்? இன்று வாசலில் பரப்பியிருந்தார்கள். பாதி முளைவிட்டிருந்தது. புளித்த வாடை.

"அக்கா, என்னாலதான்" என்றேன்.

"நீங்க கேட்டீங்க, நாங்க சரின்னோம். ஒங்கள இன்னா சொல்றது" என்றார் மங்கம்மாள். அவர் திட்டியிருந்தால் எனக்கு வழி தெரிந்திருக்கும். தீர்த்தகிரி என் பக்கம் திரும்பவே இல்லை. சாமையைக் காலால் கிளறிக்கொண்டே இருந்தார்.

இன்று கடைசி வகுப்பு. பிரிண்டைப் பார்த்ததும் சார் மற்ற நால்வரையும் கூப்பிட்டுக் காட்டினார். "டிசம்பர்ல மதராஸ் வந்துடுங்க ஃபரூக்." நான் சாமையைப் பற்றிச் சொன்னேன். "மழைக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார்.

சரிதான். மழைக்கு நான் என்ன பண்ணுவேன்? ஆனால் அவர் கேட்டது மழையைப் பற்றி. நான் சொன்னது மழையைப் பற்றியா?

9 நவம்பர், திங்கள்

ஜெய்புன்னிசாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மதராஸ் என்றதும் அவள் முகம் மலர்ந்தது, சாமை என்றதும் சுருங்கியது. "படம் நல்லா வந்துச்சா?" என்றாள். ரொம்ப என்றேன். "அப்ப அத அவங்க கையில குடுத்தீங்களா இல்லியா?"

கொடுக்கவில்லை. எந்த முகத்தோடு கொடுப்பது — அவர்கள் இழந்த கூரையை அவர்களுக்கே காட்டவா?

15 நவம்பர், ஞாயிறு

கொடுத்தேன். வீட்டில் ஓடு போட்டாகிவிட்டது. மங்கம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினார். "நம்ம வூடு இவ்ளோ பெருசா?" என்று சிரித்தார். பிறகு, "இத வச்சு ஒங்களுக்கு வேல கெடைச்சுதாமே. நெசமா?"

"நெசம்தான்க்கா."

"நல்லது." படத்தைத் திருப்பித் தந்தார். "எங்களுக்கு வர்ற வருசம் வெதைக்குத்தான் சாமை இல்ல."

குறையாகச் சொல்லவில்லை. செய்தியாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

விதை எங்கே கிடைக்கும் என்று தீர்த்தகிரியிடம் கேட்டேன். முதல் தடவையாகப் பேசினார்: "மச்சான் ஊர்ல இருக்கும். நடக்கணும்."

நடந்தோம். மேட்டில் எனக்கு மூச்சு வாங்கியது. அவர் நின்று நின்று போனார். மச்சான் ஒரு மூட்டை அளந்து கொடுத்தார்; காசை நான் கொடுத்தேன். திரும்பும்போது மாற்றி மாற்றிச் சுமந்தோம். மன்னித்துவிட்டாரா என்று தெரியவில்லை. கேட்கிற கேள்வியா அது?

20 டிசம்பர், ஞாயிறு. மதராஸ்

அடையாறில் ஒரு புது வீடு. மாடிச் சுவர் ஓரமாகச் சாரம் இன்னும் நின்றது. மேலே ஒரு பெண்ணும் இரண்டு ஆட்களும் பூச்சு வேலையில் இருந்தார்கள். கலவை குழைத்து வைத்திருந்தது.

சார் வெயிலைப் பார்த்துவிட்டு, "அவங்களை இறங்கச் சொல்லுங்க. நாலு மணிக்கு அப்புறம் ஏறட்டும்" என்றார்.

நாலு மணிக்குள் கலவை இறுகிவிடும். "அவங்க முடிக்கட்டும் சார்" என்றேன். என் வாய்தான் சொன்னது. எப்படிச் சொன்னேன் என்று இப்போதும் புரியவில்லை.

சார் என்னைப் பார்த்தார். ஸ்டாண்டை மடக்கிக் காரில் வைத்துவிட்டு, முன் இருக்கையில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தார். அவர்கள் பூசி முடித்து இறங்குவதற்குள் வெயில் அந்தச் சுவரை விட்டுப் போய்விட்டது. படம் எடுக்காமலே திரும்பினோம்.

நாளைக்கு வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. காலையில் போய் நிற்கப் போகிறேன்.